ரிலோடர் 26-ஆ, எச் 4350-ஆ? ஜூலை வெயிலில் அளந்த வேகம் நவம்பர் குளிரில் நிற்குமா?

மயூர்விஹார்_மணி:

எல்லோருக்கும் வணக்கம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என்னிடம் துப்பாக்கி கிடையாது, டெல்லியில் உட்கார்ந்து தோட்டா செய்யும் எண்ணமும் கிடையாது. கேள்வி அமெரிக்காவில் இருக்கிற அத்தானுக்காக. அக்காவும் அத்தானும் அரிசோனாவில் பீனிக்ஸ் பக்கம் இருபது வருஷமாக இருக்கிறார்கள். அவர் வீட்டுக் கராஜில் உட்கார்ந்து தன் ரைஃபிளுக்குத் தானே தோட்டா கட்டுபவர், அங்கே அது நம்மூரில் மீன் பிடிக்கத் தூண்டில் கட்டுவது போல சாதாரணம். இந்த வருஷம் அவருக்குக் குலுக்கலில் எல்க் மான் வேட்டைக்கு அனுமதிச் சீட்டு விழுந்திருக்கிறது, நவம்பர் கடைசியில், ஃப்ளாக்ஸ்டாஃப் பக்கத்துக் காட்டில். ரைஃபிள் 6.5 க்ரீட்மோர் என்ற தோட்டா ரகம், குண்டின் எடை 143 கிரெயின் (தோட்டாக்காரர்களின் சின்ன எடை அலகு).

ஜூலையில் லீவுக்குப் போனபோது என்னையும் ரேஞ்சுக்கு இழுத்துப்போய்க் கையில் நோட்டைக் கொடுத்துவிட்டார், வேலை தணிக்கை என்பதால் நான் எண்களைப் பொய் எழுத மாட்டேன் என்று நம்பிக்கை. விடிகாலை ஐந்தரைக்கு 84 டிகிரி ஃபாரன்ஹீட். மதியம் 109. தோட்டாவுக்குள் போடும் வெடிமருந்து இரண்டு ரகம், இரண்டு வேளையும் பத்துப் பத்து குண்டு, குண்டின் வேகத்தை அளக்கும் க்ரோனோகிராஃபில் பார்த்த சராசரி இது:

ரிலோடர் 26: காலை வினாடிக்கு 2,841 அடி, மதியம் 2,882.
எச் 4350: காலை 2,714, மதியம் 2,721.

ஆக ஒவ்வொரு டிகிரிக்கும் ரிலோடர் சுமார் 1.6 அடி ஏறுகிறது, எச் 4350 கால் அடி சொச்சம். இதையே ஃப்ளாக்ஸ்டாஃப் காலைக் குளிருக்கு, 24 டிகிரி என்று வைத்துக் கீழே இழுத்தால் ரிலோடர் 2,743 வரும், மற்றது 2,697. அதாவது விழுந்த பிறகும் ரிலோடர்தான் முன்னால் நிற்கிறது! அப்படியிருக்க இணையத்தில் எல்லோரும் ஏன் எச் 4350, எச் 4350 என்று மந்திரம் போலச் சொல்கிறார்கள்? அத்தான் என்னிடம் முடிவு கேட்கிறார், அக்கா இரண்டையும் தூக்கி எறியச் சொல்கிறாள். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அப்புறம் எத்தனை கிரெயின் மருந்து போடுவது என்ற கணக்கை யாரும் இங்கே எழுத வேண்டாம், அதற்கு அவரிடம் அளவுகள் போட்ட மேனுவல் இருக்கிறது.

—

பனிக்காடு:

மணி சார், பதினொரு வருஷம் மினசோட்டாவில் இருந்துவிட்டு இப்போது குருகிராமில் குப்பை கொட்டுகிறேன். அங்கே நானும் .308 ரைஃபிளுக்குத் தோட்டா கட்டிக்கொண்டிருந்தேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கூட்டல் கழித்தலில் தப்பில்லை, ஆனால் கோடு நேர்கோடு என்று யார் சொன்னது? 84-க்கும் 109-க்கும் நடுவில் கிடைத்த சரிவை அப்படியே 24 வரைக்கும் நீட்டிவிட்டீர்கள். ரிலோடர் 26 மாதிரி மருந்து சூட்டுப் பக்கம்தான் துள்ளும், குளிர்ப் பக்கம் அவ்வளவாக விழாது என்பதுதான் அதைச் சுட்டவர்கள் பலர் கண்டது. ஆகவே நீங்கள் போட்டதைவிட நவம்பரில் அது வேகமாகவே இருக்கும். நல்ல செய்திதானே என்று நினைக்காதீர்கள். கெட்ட செய்தி மறுமுனையில், அந்த 2,882-இல் இருக்கிறது.

வேகம் இலவசமாக வராது. அந்த நாற்பத்தோரு அடியும் சேம்பருக்குள், அதாவது குழலில் தோட்டா உட்காரும் அறைக்குள், அழுத்தம் ஏறித்தான் வந்தது. க்ரீட்மோருக்கு அமெரிக்கத் தர அமைப்பான சாமி (SAAMI) வைத்திருக்கும் உச்சவரம்பு சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. மேனுவல்காரர்கள் சோதிப்பது 70 டிகிரி ஃபாரன்ஹீட் பக்கத்தில், குளிர்சாதன அறையில். அத்தான் சுட்டது 109-இல். அவர் மேனுவலின் உச்சத்துக்குப் பக்கத்தில் கட்டியிருந்தால், மதியத்தில் அந்தத் தோட்டா மேனுவலின் தோட்டாவே இல்லை. அழுத்தம் மிஞ்சியதா என்று தெரிய அவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: மதியம் போல்ட்டை (சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் தாழ்) தூக்கும்போது இறுக்கமாக இருந்ததா? காலிக் கூட்டின் பின்பக்கத்தில், எழுத்து பொறித்திருக்கும் இடத்தில், எஜெக்டர் (காலிக் கூட்டை வெளியே தள்ளும் ஊசி) ஓட்டையின் வட்டம் பளபளவென்று அச்சு விழுந்திருக்கிறதா?

ஏன் எல்லோரும் எச் 4350 என்கிறார்கள் என்றால், அது ஹாட்ஜ்டன் கம்பெனியின் எக்ஸ்ட்ரீம் வரிசையில் ஒன்று, ஆஸ்திரேலியாவில் முல்வாலா ஊரில் செய்வது. அந்த ஊர்க்காரர்கள் அதையே ஏஆர் 2209 என்ற பெயரில் வாங்குகிறார்கள். வெயிலோ பனியோ, வேகம் பெரிதாக அசையாது. உங்கள் நோட்டிலேயே 25 டிகிரிக்கு ஏழு அடிதான் மாறியிருக்கிறது, அதில் பாதி குண்டுக்குக் குண்டு வரும் வித்தியாசமாகக்கூட இருக்கலாம்.

ஒரு தப்பான பேச்சு உலவுகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நைட்ரோகிளிசரின் கலந்த இரட்டை அடிப்படை மருந்து எல்லாமே சூட்டுக்கு ஆடும், நைட்ரோசெல்லுலோஸ் மட்டுமே உள்ள ஒற்றை அடிப்படை மருந்து ஆடாது என்பார்கள். அப்படி இல்லை. ரிலோடர் 16-உம் இரட்டை அடிப்படைதான், எரியும் வேகமும் 4350 பக்கம்தான், ஆனால் வெப்பநிலைக்கு அசையாதபடி செய்தது. பழைய ஒற்றை அடிப்படை மருந்துகளில் நன்றாக ஆடுபவையும் உண்டு. எதைக் கலந்திருக்கிறார்கள் என்பது பாதி, மருந்துத் துகளின் மேல் என்ன பூச்சு பூசியிருக்கிறார்கள், எப்படி வடித்திருக்கிறார்கள் என்பது மீதி.

—

கார்டைட்_பேரன்:

மருந்து ஆடுவதைப் பற்றிப் பேச்சு வந்தபின் நான் சும்மா இருந்தால் தாத்தா கனவில் வந்து திட்டுவார். குன்னூருக்குக் கீழே அருவங்காடு கார்டைட் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் அவர். 1904-இல் வெள்ளைக்காரன் வைத்தது, நீலகிரிக் குளிரில். கார்டைட் என்பது முதல் ரகத்தில் 58 பங்கு நைட்ரோகிளிசரின், 37 பங்கு வெடிபஞ்சு, 5 பங்கு வாசலின், கயிறு மாதிரி இழுத்து வெட்டுவார்கள், பெயரே அதனால்தான். வாசலின் என்றதும் எங்கள் பாட்டி சிரிப்பார்.

இங்கிலாந்துக் குளிரில் அளவு பார்த்துக் கட்டிய கார்டைட் தோட்டாவை நம்மூர்ச் சித்திரை வெயிலுக்குக் கொண்டுவந்தால் கூடு சேம்பரோடு ஒட்டிக்கொண்டு வெளியே வராது. புலி எதிரே நிற்கும்போது! அதனால் இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் மருந்தைக் குறைத்து, வெப்ப மண்டலத்துக்கென்று தனித் தோட்டா விற்றார்கள். 1911-இல் வந்த .416 ரிக்பி என்ற வேட்டைத் தோட்டாவின் கூடு அவ்வளவு பெரிதாக இருப்பதற்கும் இதுதான் காரணம்: இடம் தாராளமாக விட்டால் அழுத்தம் குறையும், வெயிலில் ஏறினாலும் தாங்கும். நூறு வருஷத்துக்கு முன்னால் அவர்கள் கண்டுபிடித்த வழி, வேகத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடு என்பதுதான். உங்கள் அத்தான் இப்போது அதே இடத்தில் நிற்கிறார், கையில் க்ரோனோகிராஃப் கூடுதல்.

புரியவில்லை என்றால் நம் வீட்டு இட்லி மாவை நினைத்துக்கொள்ளுங்கள். ஆர்.கே.புரத்தில் மே மாதம் ராத்திரி கரைத்து வைத்தால் விடிவதற்குள் பாத்திரத்தைத் தாண்டி மேடையில் வழிந்திருக்கும், ஜனவரியில் அதே மாவு, அதே உளுந்து, இரண்டு நாள் ஆனாலும் கல்லாகக் கிடக்கும், கம்பளி சுற்றி ஹீட்டர் பக்கத்தில் வைக்க வேண்டும். பாத்திரத்தின் அளவை ஜனவரியைப் பார்த்து முடிவு செய்தவன் மே மாதம் துடைத்துக்கொண்டிருப்பான்.

—

துக்ளகாபாத்_ப்ரோன்:

நான் .22 சுடுபவள், 50 மீட்டர் ப்ரோன் (படுத்தபடி சுடுவது), கர்ணி சிங் ரேஞ்சில். 82 ஆசிய விளையாட்டுக்குக் கட்டிய ரேஞ்ச், ஜனவரியில் காலை ஆறரைக்கு அங்கே படுத்துப் பார்த்தால்தான் குளிர் என்றால் என்னவென்று தெரியும், தலைக்குத் தேய்க்கக் கொண்டுபோன தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் கட்டியாக நிற்கும். விளிம்பில் தீப்பிடிக்கிற .22 தோட்டாவை யாரும் திரும்பக் கட்ட முடியாது, வாங்கியதைத்தான் சுட வேண்டும். ஆனால் உங்கள் விஷயம் எங்களுக்கு வேறு ரூபத்தில் வருகிறது.

எங்கள் மேட்ச் தோட்டா வேண்டுமென்றே மெதுவாகப் போவது, டெனெக்ஸ் என்ற ரகத்துக்கு வினாடிக்கு 1,085 அடி என்று போட்டிருப்பார்கள். ஒலியின் வேகத்துக்குக் கீழேயே போக வேண்டும் என்பது கணக்கு. ஒலி வேகம் 20 டிகிரி செல்சியஸில் சுமார் 1,125 அடி, 5 டிகிரியில் சுமார் 1,097-தான். ஆக ஜனவரியில் ஒலியும் இறங்கிவந்துவிடுகிறது, மருந்தும் சோம்பிப் போகிறது, குழலுக்குக் குழல் முடிவு மாறுகிறது. நான் செய்வது ஒன்றுதான்: குளிர்காலத்துக்கு எந்த லாட் (ஒரே தயாரிப்புத் தொகுதி) எடுப்பது என்பதைக் குளிர்காலத்திலேயே சுட்டுப் பார்த்து முடிவு செய்வேன், அக்டோபரில் குண்டுகள் நெருக்கமாக விழுந்த பெட்டியை நம்பி ஜனவரிப் போட்டிக்குப் போய் ஒருமுறை மூக்குடைபட்டவள். பனிச்சறுக்கும் சுடுதலும் சேர்ந்த பயத்லான் போட்டிக்காரர்களுக்கு லப்புவா கம்பெனி தனியாகப் போலார் என்று தோட்டாவே செய்கிறார்கள், பனிக்காக.

அதனால் அண்ணா, பேப்பரில் கோடு இழுப்பதை விடுங்கள். அத்தானிடம் ஐஸ் பெட்டி இருக்குமே? பீனிக்ஸில் அது இல்லாத வீடு உண்டா?

—

பனிக்காடு:

சரியாகச் சொன்னீர்கள். ஐஸ் பெட்டிச் சோதனைக்கு மூன்று எச்சரிக்கை மட்டும், நான் மூன்றிலும் வழுக்கியவன்.

தோட்டாவை நேராக ஐஸில் போடாதீர்கள், ஈரம். மூடிய ப்ளாஸ்டிக் டப்பா, உள்ளே சமையலறை தெர்மாமீட்டர், ராத்திரி முழுக்க. அப்புறம் ஒன்றை எடுத்தால் உடனே சுட வேண்டும். சுட்டுச் சூடேறின குழலில் தோட்டாவை ஏற்றிவிட்டு, காற்று அடங்கட்டும் என்று ஒரு நிமிஷம் காத்திருந்தால் முடிந்தது, சேம்பர் அதைச் சுட வைத்துவிடும், நீங்கள் அளப்பது குளிர்த் தோட்டாவை இல்லை. வேட்டையில் இது வராது, அங்கே முதல் குண்டு குளிர்ந்த குழலிலிருந்து. ரேஞ்சில் வரும். மூன்றாவது, ஒரு குளிர், ஒரு சூடு என்று மாற்றி மாற்றிச் சுடுங்கள், பத்துக் குளிரும் முடித்துப் பத்துச் சூடு என்றால் குழல் சூடும் அழுக்கும் கணக்கில் கலந்துவிடும்.

இன்னொன்று, ப்ரைமர், அதாவது கூட்டின் பின்னால் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி. க்ரீட்மோர் கூடு பெரிய ப்ரைமர், சிறிய ப்ரைமர் என்று இரண்டு விதமாக விற்கிறது. கூடு சீக்கிரம் தளராது என்று சிறிய ப்ரைமர் கூட்டைப் பலர் விரும்புவார்கள். கடுங்குளிரில் அந்தச் சிறிய ப்ரைமர் மெதுவாக எரியும் மருந்தைப் பற்றவைக்கத் திணறி, டிக் என்று விழுந்து ஒரு கணம் கழித்து டும் என்ற கதைகள் நிறைய. அத்தானிடம் எது என்று கேளுங்கள்.

சுடும் தூரத்துக்குத் தகுந்தபடி எவ்வளவு வித்தியாசம் என்று யாரும் சொல்லவில்லை, தோராயமாகப் போடுகிறேன். வெயிலுக்கும் குளிருக்கும் நடுவில் நூறு அடி வேகம் வித்தியாசம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், க்ரீட்மோரில் 300 கஜத்தில் குண்டு இரண்டு அங்குலத்துக்கு உள்ளேதான் கீழே விழும். எல்க்கின் நெஞ்சுப் பகுதி ஒரு பெரிய சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிது. 600 கஜத்தில் எட்டு அங்குலத்துக்குப் பக்கம், ஆயிரத்தில் இரண்டடி. ஆயிரம் கஜத்தில் இரும்புத் தகடு அடிப்பவர்கள் எச் 4350-க்கு அடித்துக்கொள்வது அதனால்தான், அவர்கள் நாள் முழுக்க, காலையும் மதியமும், ஒரே அட்டவணையை வைத்துக்கொண்டு சுடுகிறார்கள். அத்தான் 300 தாண்டிச் சுடமாட்டார் என்றால் இந்தச் சண்டையில் பாதி அவருடையதே இல்லை. அதேபோல் நூற்றிருபது அடி கூடுதல் வேகத்தால் எல்க்குக்கு எந்த வித்தியாசமும் தெரியப் போவதில்லை.

—

பழைய_சுபேதார்:

ஜனக்புரியிலிருந்து. தம்பி, காற்றையும் கணக்கில் எடு. ஃப்ளாக்ஸ்டாஃப் ஏழாயிரம் அடி உயரம் என்றதும் காற்று மெலிசு, குண்டு மேலே போகும் என்று பலர் பயமுறுத்துவார்கள். ஆனால் உன் அத்தான் ரைஃபிளைச் சரி பார்த்தது 109 டிகிரிக் காற்றில், அதுவே மெலிசுதான். நான் போட்டுப் பார்த்தேன்: பீனிக்ஸ் மதியத்தில் ஒரு கனமீட்டர் காற்று சுமார் 1.08 கிலோ, ஃப்ளாக்ஸ்டாஃபில் பனி விழும் காலையில் சுமார் 1.02. ஆறு சதவீதம்தான் வித்தியாசம். உயரம் மெலிதாக்குகிறது, குளிர் கெட்டியாக்குகிறது.

லடாக்கில் இருந்தபோது நாங்கள் புது இடத்துக்குப் போனால் முதல் வேலை ஜீரோ பார்ப்பது, அதாவது குறி வைத்த இடத்திலேயே குண்டு விழுகிறதா என்று சரிபார்ப்பது. உன் அத்தானும் சீசனுக்கு ஒரு நாள் முன்னால் போய் அங்கேயே மூன்று குண்டு சுடட்டும். வேகம் குறைந்ததோ கூடினதோ, எல்லாம் அந்த மூன்றில் அடங்கிவிடும்.

நம்மூர்ப் பையன்கள் யாராவது இதைப் படித்துவிட்டு ஆசைப்பட்டால்: 1959 ஆயுதச் சட்டத்தில் ஐந்தாம் பிரிவு, லைசென்ஸ் இல்லாமல் தோட்டா செய்வது குற்றம். வேட்டையும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தடை. படிப்பதோடு நிறுத்து.

—

மயூர்விஹார்_மணி:

எல்லோருக்கும் நன்றி, இரண்டு வாரம் கழித்து வருகிறேன். அத்தானிடம் முதலில் போல்ட் விஷயத்தைக் கேட்டேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொல்கிறார், ஆமாம், மதியம் மூன்றாவது குண்டிலிருந்தே உள்ளங்கையால் தட்டித்தான் போல்ட்டைத் தூக்கினேன், நீ நோட்டில் எழுதிவிடுவாய் என்று சொல்லவில்லை! கூடுகளை வீடியோ காலில் காட்டினார், பனிக்காடு சார் சொன்ன அதே பளபள வட்டம், ரிலோடர் கூடுகள் ஆறில். எச் 4350 கூடுகளில் ஒன்றில்கூட இல்லை. தணிக்கைக்காரனிடமே கணக்கை மறைத்திருக்கிறார் மனிதர், அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

ஐஸ் பெட்டிச் சோதனையும் செய்தார், மாற்றி மாற்றி. 36 டிகிரியில் ரிலோடர் 2,797. என் நேர்கோட்டுப்படி 2,762 வந்திருக்க வேண்டும், ஆக முப்பத்தைந்து அடி நான் தப்பு. எச் 4350 2,702, என் கணக்கிலிருந்து ஓர் அடி சொச்சம்தான் பிசகியது. கூடு பெரிய ப்ரைமர்தானாம், அது நிம்மதி.

முடிவு: எல்க்குக்கு எச் 4350. ஆனால் அவரிடம் அது ஒரு டப்பாவில் கால் பங்குதான் மிச்சம், ஊரில் எந்தக் கடையிலும் இல்லை என்கிறார். ரிலோடர் இரண்டு டப்பா முழுசாக இருக்கிறது. அதைக் குறைத்துக் கட்டினால்?

—

பனிக்காடு:

கால் டப்பா என்றால் கால் பவுண்டு, க்ரீட்மோருக்கு நாற்பது தோட்டா சுலபமாக வரும், வேட்டைக்கும் ஜீரோவுக்கும் அது தாராளம். பயிற்சிக்கு ரிலோடரைக் குறைத்துக் கட்டட்டும், ஆனால் மேனுவலில் ஆரம்ப அளவு என்று போட்டிருப்பதிலிருந்து, அதுவும் ஆகஸ்ட் மதியத்தில் ஏறுமுகமாகப் பார்க்கட்டும். வெயிலில் வட்டம் விழாத அளவு குளிரில் பிரச்சினை தராது. ஜனவரியில் உச்சம் பார்த்து வைத்துக்கொண்டு ஜூனில் எடுத்துச் சுடுபவர்கள்தான் உள்ளங்கையால் தட்டுகிறார்கள். ஏற்கெனவே கட்டிவைத்த ரிலோடர் தோட்டாக்களைக் குண்டு கழற்றிப் பிரித்துவிடச் சொல்லுங்கள், அவற்றைக் குளிர்காலத்துக்கு என்று டப்பாவில் எழுதிவைத்தால் என்றாவது ஒருநாள் ஜூலையில் கைக்கு வரும்.

—

துக்ளகாபாத்_ப்ரோன்:

காரிலும் வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள் அண்ணா. பீனிக்ஸ் வெயிலில் கண்ணாடி ஏற்றின கார் அடுப்பு மாதிரி இருக்கும், அங்கிருந்து எடுத்து நேராகச் சுட்டால் 109 எங்கே நிற்கும்?

—

மயூர்விஹார்_மணி:

அக்கா இப்போதுதான் அனுப்பினாள்: ஐஸ் பெட்டியில் மேல் தட்டு தோட்டா, கீழ்த் தட்டு முருங்கைக்கீரை. ரிலோடர் தோட்டா நாற்பத்திரண்டையும் நேற்று ராத்திரி உட்கார்ந்து பிரித்தாராம், குண்டு ஒரு கிண்ணம், கூடு ஒரு கிண்ணம். மருந்தை என்ன செய்தார் என்று கேட்டேன். ரோஜாச் செடிக்குப் போட்டாராம், நைட்ரஜனாம். அக்கா செடிப் பக்கம் போகவே மாட்டேன் என்கிறாள்.